சர்க்கரை ரோஜாவின் பூர்வீகம்

மன்மதனுக்கு வில் கரும்பு, அம்பு மலர். இந்தக் கற்பனையைச் செய்த நம் முன்னோர்கள் கரும்பையும் மலரையும் ஒருவன் கையிலேயே கொடுத்தார்கள். ஆனால் கரும்பையே மலராக்கிவிடலாம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. இன்று கோயமுத்தூரில் அந்தக் காரியம் சர்வ சாதாரணமாக நடக்கிறது. வடவள்ளியிலும் பீளமேட்டிலும் சாயிபாபா காலனியிலும், பள்ளிக்கூடம் போன குழந்தைகள் வீடு திரும்புவதற்குள், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து பெண்கள் சர்க்கரையில் ரோஜா செய்கிறார்கள். கட்டைவிரல் நுனியளவு ரோஜா. அதற்கு ஒன்பது இதழ்.

அந்த ரோஜாவின் ஆயுள் என்ன என்பது நமக்குத் தெரியும். பிறந்த நாள் விழாவில் கேக்கின் மேலிருந்து முதலில் காணாமற்போவது அதுதான். மெழுகுவத்தி அணைவதற்குள் ஒரு சின்னக் கை அதைப் பிடுங்கிவிடும்.

“அமுச்சி, இதைத் திங்கலாமா?”

“திங்கலாமுங்க கண்ணு. பல்லு பத்திரமுங்க!”

குழந்தை ஒரு கடி கடித்துப் பார்க்கும். ரோஜா கல்லைப் போல் இருக்கும். தித்திப்பைத் தவிர வேறு ருசி ஒன்றும் இராது. அதோடு அது தட்டின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். மறுநாள் எறும்புக்கு ஆகாரம். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களில் ஒருவராவது, “இது எதற்கு? வெட்டிச் செலவு!” என்று சொல்லாமல் இருக்க மாட்டார். கொங்கு நாட்டில் சிக்கனம் பிறவிக் குணம். ஆகவே அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கிறது.

வெள்ளைச் சர்க்கரையை மைபோல் அரைத்து, கட்டி பிடிக்காமலிருக்கச் சிறிது சோளமாவு சேர்த்ததற்கு ஐசிங் சர்க்கரை என்று பெயர். கால் கிலோ ஐசிங் சர்க்கரையை மெல்லிய துணியில் சலித்து, அதோடு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிசின் தூள் கலக்க வேண்டும். பழைய நாளில் இதற்கு ஈரான், துருக்கி மலைகளில் விளையும் ஒரு முட்செடியின் பிசின்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது சி.எம்.சி. என்ற தூள் வந்துவிட்டது. அதை மரக்கூழிலிருந்தும் எடுக்கிறார்கள். பருத்திக் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் எடுக்கிறார்கள். பஞ்சாலைகளால் பெயர் பெற்ற ஊரில் ரோஜா இதழ் கிழியாமல் இருப்பதற்கும் பஞ்சு உதவக்கூடும் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பிறகு கொஞ்சம் குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் தண்ணீர், கையில் தடவிக்கொள்ள ஒரு துளி வனஸ்பதி. சப்பாத்தி மாவு போல் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி, ஓர் இரவு வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் இழுத்த இழுப்புக்கு வரும்.

அந்த மாவில் சுண்டைக்காயளவு எடுத்து, ஒரு முனை கூராக உருட்டி, பல்குத்தும் குச்சியின் தலையில் செருகிக் காய விட வேண்டும். இதுதான் ரோஜாவின் நெஞ்சு. இது இதழைவிடக் குட்டையாக இருப்பது முக்கியம்; இல்லாவிட்டால் மொட்டுக்கு நடுவே மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். மிச்ச மாவை அப்பளத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, சின்ன வட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பையும் விரலால் நசுக்கி, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். முதல் இதழ் நெஞ்சை முழுக்கச் சுற்றி மூடும். அடுத்த மூன்று, ஒன்றின் ஓரம் மற்றதன் அடியில் செருகி நிற்கும். இவை சற்றுக் காய்ந்த பிறகு வெளிச்சுற்று ஐந்து. அவற்றின் விளிம்பைக் குச்சியால் கொஞ்சம் வெளிப்புறமாகச் சுருட்டிவிட வேண்டும். சைவ வீடுகளில் ஒட்டுவதற்குத் தண்ணீரைத் தொட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் முட்டை வெள்ளைக்கருவை உபயோகிப்பதும் உண்டு. கை பழகியவர்களுக்கே ஒரு ரோஜாவுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.

இதில் பெரிய எதிரி காற்று. வேலை நடக்கும்போது காற்றுப் பட்டால் மாவு காய்ந்து விரிசல் விடும்; ஆகையால் ஈரத்துணி போட்டு மூடியே வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு ஈரம் பட்டால் ரோஜா வியர்த்து இளகிவிடும். மழைக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக் காற்றைக் கண்டு, கோயமுத்தூரில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் நடுங்குகிறார்கள். மற்ற நாட்களில் ஊரின் வறண்ட காற்று அவர்களுக்கு நண்பன்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பிறகு விலை பேசும் கட்டம் வரும்.

“ஏனுங்க்கா, மேல இருக்கற பூவுக்கு மட்டும் இத்தனை ரூவாயா? சர்க்கரை கிலோ என்ன வெலை விக்குது?”

“சர்க்கரைக்கு வெலை போடலீங்க்கா. ராத்திரி முழிச்சதுக்குப் போட்டிருக்கறனுங்க.”

இந்தச் சம்பாஷணையில் இருவரும் சொல்வது உண்மைதான். சர்க்கரை இன்று மலிவு, கைவேலை மலிவல்ல. ஆனால் உலக சரித்திரத்தில் நெடுங்காலம் நிலைமை நேர் தலைகீழாக இருந்தது. கைவேலை மலிவு, சர்க்கரை பொன் விலை. சர்க்கரைச் சிற்பம் பிறந்ததே அப்போதுதான்.

‘சர்க்கரா’ என்ற வடசொல்லுக்குப் பரல், சரளைக் கல் என்று பொருள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பரலாக உறைய வைக்கும் வித்தையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது இந்தியா. கி.பி. 647ல் சீனச் சக்கரவர்த்தி சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்று வருவதற்கென்றே இந்தியாவுக்கு ஆள் அனுப்பினார். அந்தச் சீனாவின் பெயராலேயே நாம் பிற்பாடு வெள்ளைச் சர்க்கரையைச் ‘சீனி’ என்று அழைக்கத் தொடங்கினோம். சிஷ்யன் பெயரைக் குருவின் வீட்டுப் பண்டத்துக்கு வைத்த கதை இது! மேற்கே போன வார்த்தை அரபு நாட்டில் ‘சுக்கர்’ ஆயிற்று. ஐரோப்பாவில் ‘சுகர்’ ஆயிற்று.

சர்க்கரையில் உருவம் செய்வதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் அரபு உலகத்தார். 1040களின் கடைசியில் கெய்ரோ நகரத்தில் தங்கியிருந்த பாரசீக யாத்திரிகர் நாஸிர் குஸ்ரோ, பண்டிகை நாளில் சுல்தானின் விருந்து மண்டபத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஒரு நாரத்தை மரம் நின்றதாம். கிளை, இலை, பழம் எல்லாம் சர்க்கரை. நமக்குத் தெரிந்த சர்க்கரைத் தாவரங்களில் இது மிகப் பழையது. வடவள்ளி ரோஜாவுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் என்று இதைச் சொல்லலாம்.

அங்கிருந்து இந்தக் கலை இத்தாலிக்குப் போயிற்று. 1555ல் வெனிஸ் நகரத்தில் வெளியான ஒரு ரகசியச் செய்முறைப் புத்தகம், பிசினையும் சர்க்கரையையும் பன்னீரையும் பிசைந்து தட்டு, கோப்பை, பழம் எல்லாம் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறது. விருந்து முடிந்ததும் தட்டையும் தின்றுவிடலாம் என்று அதில் யோசனை வேறு! இன்றைய சர்க்கரை மாவின் சேர்மானம் அதிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை. 1574ல் பிரான்ஸ் தேசத்து அரசர் மூன்றாம் ஹென்றி வெனிஸுக்கு வந்தபோது அவருக்கு நடந்த விருந்தில், மேஜை மேலிருந்த கைத்துண்டை எடுக்கப் போனாராம். அது அவர் கையில் நொறுங்கிற்று. துண்டும் சர்க்கரை, தட்டும் சர்க்கரை, கத்தியும் சர்க்கரை.

ராஜாக்களின் மேஜையிலிருந்த இந்த ஆடம்பரம் சாதாரண மனிதரின் கேக்குக்கு இறங்கி வந்தது எப்படி? இங்கேதான் சரித்திரம் கசக்க ஆரம்பிக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் கரும்பு வெட்டினார்கள், சர்க்கரை மலிந்தது. 1830களில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்தது. அப்போது தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். அவர்கள் கண் நம் பக்கம் திரும்பியது. மொரீஷியஸுக்குப் போனார்கள், 1860ல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலுக்குப் போனார்கள், பிறகு பிஜித் தீவுக்கும் போனார்கள். அந்தக் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடி வைத்திருக்கிறார். ஐரோப்பாவின் கல்யாணக் கேக்குகள் வெளுத்தது அந்தச் சர்க்கரையால்தான். வெண்மை என்பது அங்கே செல்வத்தின் அடையாளம். 1840ல் விக்டோரியா ராணியின் கல்யாணக் கேக்கு மேல் போட்ட வெள்ளைப் பூச்சை நாடெங்கும் பேசினார்கள். வெள்ளைக்காரர் எங்கே குடியேறினார்களோ அங்கேயெல்லாம் அந்தக் கேக்கும் குடியேறிற்று.

நம் பக்கத்தில் அது குடியேறியதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று தலைச்சேரி. அங்கே மாம்பள்ளி பாப்பு என்ற ரொட்டிக்காரர், 1883ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை கொடுத்த மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்று கேரளத்தில் பெருமையோடு சொல்வார்கள். இன்னொரு வாசல் நீலகிரி. சென்னை மாகாணத்து அரசாங்கமே கோடையில் உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் ஓட ஆரம்பித்தது. துரைமார்களுக்கு ரொட்டியும் வெண்ணெயும் கேக்கும் வேண்டியிருந்தன. கோயமுத்தூருக்கும் மலைக்கும் இடையே தபால் சுமந்துகொண்டிருந்த முதலியார் ஒருவர், 1905ல் வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார். அதுதான் பிற்காலத்தில் பெயர் பெற்ற நீல்கிரீஸ். அந்தக் குடும்பம் 1936ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை வைத்தது. ஈரோட்டில் பால் ஆலை நடத்தியது. 1970களின் நடுவிலிருந்து பெங்களூரில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் பிரசித்தமான கேக் கண்காட்சிக்கும் வித்திட்டது. கோட்டைகளையும் தேவாலயங்களையும் சர்க்கரையில் கட்டி நிறுத்தும் அந்தக் கண்காட்சியைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். கோயமுத்தூர்த் தபால் மூட்டை ஒன்று சர்க்கரைக் கோட்டையில் போய் முடிந்தது!

சர்க்கரையில் உருவம் செய்வது நமக்குப் புதிதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மூங்கில் கழியின் உச்சியில் பொம்மையைக் கட்டிக்கொண்டு வரும் ஜவ்வு மிட்டாய்க்காரரை மறந்துவிட முடியுமா? பொம்மை கைதட்டும். அவர் ரோஸ் நிறப் பாகை இழுத்து, முறுக்கி, நம் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவார். கேட்டால் தேளும் செய்வார், பூவும் செய்வார். வித்தை அவரிடம் இருந்தது. ஆனால் அது அரைமணி நேரத்துப் பூ. வாயில் போட்டால் கரைந்துவிடும். போடாவிட்டால் கையில் பிசுபிசுத்துவிடும்.

உறைந்து நிற்கும் ரோஜாவுக்கு வேண்டியது பளிச்சென்ற வெள்ளைச் சர்க்கரை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது; அதற்கு மேல் ஒரு சர்க்கரைக்கு என்ன பெருமை வேண்டும்? ஆனாலும் அதில் ரோஜா செய்ய முடியாது. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் கரும்பின் பிற சத்துக்கள் கலந்திருக்கின்றன. அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; இதழ் நிமிர்ந்து நிற்காது. நாவுக்கு எது குணமோ அது ரோஜாவுக்குக் குற்றமாகிறது.

அந்த வெள்ளைச் சர்க்கரை நம்முடைய வீடுகளுக்கு வந்த வழியை அதன் பெயரே சொல்லும். கொங்கு நாட்டிலும் சேலம் பக்கத்திலும் பெரியவர்கள் அதை ‘அஸ்கா’ என்பார்கள். அஸ்கா என்பது ஓர் ஊர். இன்று ஒரிஸாவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவில் இருந்தது. 19ம் நூற்றாண்டில் அங்கே ஏற்பட்ட ஆலையிலிருந்து வந்த சர்க்கரை, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஜாவாச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சர்க்கரை காய்ச்ச உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த தேசம், 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிக்குப் போடும் சர்க்கரையை ஜாவாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

காரணம், நம் கரும்பு நோஞ்சானாக இருந்தது. வடக்கே விளைந்தது விரலளவு மெல்லிய கரும்பு. தெற்கே தடித்த கரும்பு உண்டு. ஆனால் கோதாவரி டெல்டாவில் செவ்வழுகல் நோய் வந்து வயல் வயலாகச் சாய்த்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஒளவையார் புறநானூற்றில் புகழ்கிறார். அதியமானின் தகடூரோ கொங்கு நாட்டின் வடக்கு வாசல். அந்தப் பழைய பெருமைக்கு ஈடாகப் புதிய கரும்பு ஒன்றைக் கொண்டுவரும் பொறுப்பு, இருபது நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கொங்கு நாட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஏன் கோயமுத்தூர்? ஏனென்றால் இங்கே கரும்பு பூத்தது.

இந்தப் பதிலை ஒரு விவசாயியிடம் சொன்னால் சிரிப்பார். கரும்பு பூப்பது அவருக்குச் சந்தோஷ சமாசாரம் அல்ல. வெள்ளித் தோகை போல் பூ மேலே எழுந்துவிட்டால் கரும்பின் வளர்ச்சி நின்றுவிடும். வெட்டாமல் விட்டால் உள்ளே சக்கை பாயும், சாறு குறையும். விதைக்காகவாவது பூ வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. கரும்பைக் கரணை போட்டுத்தான் பயிர் செய்கிறோம். ஆகவே ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கரும்புப் பூவுக்கு உலகத்தில் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. அதில் முளைக்கும் விதை உண்டென்பதையே நம்பாமல் இருந்தார்கள். 1888ல்தான் ஜாவாவிலும் பார்படாஸ் தீவிலும் இருந்த ஆராய்ச்சிக்காரர்கள், கரும்புப் பூவின் தூசி போன்ற விதை முளைக்கும், அதிலிருந்து புதிய ஜாதிக் கரும்பை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் கரும்புப் பூவுக்கு வைத்திருந்த பெயர் ‘அம்பு’. மன்மதனைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெயர் சரியாக அமைந்துவிட்டது. கரும்புக்கும் கரும்புக்கும் கல்யாணம் செய்து வைக்க அந்த அம்புதானே வேண்டியிருந்தது!

வட இந்தியாவில் குளிர் காரணமாகக் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயமுத்தூரில் ஐப்பசி, கார்த்திகையில் தாராளமாகப் பூக்கும். அதற்காகவே 1912ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டது. சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் என்ற தாவர சாஸ்திரியும் அவருடன் டி. எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து அங்கே நடத்தி வைத்த ஒரு விவாகம், கரும்பின் சரித்திரத்தையே மாற்றியது. மணமகள், ‘வெள்ளை’ என்ற பெயருடைய தடித்த கரும்பு. நல்ல இனிப்பு, சொகுசான குலம். மணமகன், ஊரில் யாரும் சீந்தாத நாணல்! ஆற்றங்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கிற அதே நாணல்தான். அருமைக்காரர் ஸ்தானத்தில் பார்பர் துரை நின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தஸ்து பொருந்தாத இந்தச் சம்பந்தத்தில் பிறந்த பிள்ளை, அம்மாவின் இனிப்பையும் அப்பாவின் உடல் வலுவையும் எடுத்துக்கொண்டது. ‘கோ 205’ என்று எண்ணிட்டு 1918ல் பஞ்சாபுக்கு அனுப்பினார்கள். அந்தக் ‘கோ’ என்பது கோயமுத்தூரின் முதல் எழுத்து.

அதற்குப் பிறகு கோ என்ற எழுத்தைத் தாங்கிய கரும்புகள் இந்தியா முழுவதும் பரவின. தெற்கே ‘கோ 419’ கொடிகட்டிப் பறந்தது. 1932ல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அப்போது நாட்டில் முப்பது சொச்சம் ஆலைகள். ஐந்தாறு வருஷங்களில் அவை 130ஐத் தாண்டின. ஜாவாக் கப்பல்கள் நின்றன. வெங்கட்ராமனுக்கு அரசாங்கம் ‘சர்’ பட்டம் கொடுத்தது. சர்க்கரைக்காரருக்குச் சர் பட்டம் கொடுத்ததை யாரும் ஆட்சேபிக்க முடியாது. கோயமுத்தூர்ப் பூவில் விளைந்த விதை, நம் ஜனங்கள் கூலிகளாகப் போன நேட்டாலுக்கும் போயிற்று. அங்கே அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1945ல் வெளியிட்ட ‘என்கோ 310’ என்ற கரும்பு, பல தேசங்களில் பயிராயிற்று. அதன் பெயரில் நேட்டாலும் கோயமுத்தூரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் சர்க்கரை ரோஜாவின் கதை முடியாது. அவர் இ. கே. ஜானகி அம்மாள். கேக்குக்குப் பெயர் பெற்ற அதே தலைச்சேரியில் 1897ல் பிறந்தவர். சென்னையில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931ல் டாக்டர் பட்டம் பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆராய்ச்சியே வாழ்வாக இருந்தவர். இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் அவரே என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். கோ 205 வெளியானபோது அவருக்கு வயது இருபதோ இருபத்தொன்றோ; அவர் கோயமுத்தூருக்கு வர இன்னும் பதினாறு வருஷம் இருந்தது. ஆகையால் அந்தப் புகழ் மற்றவர்களுக்குரியது. அவருடைய புகழ் வேறு. அது குறைந்ததும் அல்ல. நாணலின் உயிரணுக்களுக்குள்ளே புகுந்து குரோமோசோம்களை எண்ணினார். நாணல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஊருக்கு ஊர் உள்ளுக்குள் எவ்வளவு வேறுபட்டது என்று காட்டினார். கரும்பை மக்காச்சோளத்தோடு இணைத்து 1938ல் உலக விஞ்ஞானிகளுக்கு அறிவித்தார். கோ 205 என்ற சம்பந்தம் ஏன் பலித்தது, இன்னும் எப்படிப்பட்ட சம்பந்தங்கள் பலிக்கும் என்ற கேள்விகளுக்கு அடிப்படையான வேலை அது.

ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அந்த உலகத்தில், தனியாக வாழ்ந்த பெண் என்பதாலும் பிறந்த குலத்தாலும் அவருக்குப் பாதை சுகமாக இல்லை என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். 1940ல் அவர் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். யுத்தத்தின் குண்டுவீச்சுக்கு நடுவே வேலை செய்தார். 1945ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1951ல் நேருவின் அழைப்பின் பேரில் தாயகம் திரும்பினார். 1977ல் பத்மஸ்ரீ. 1984ல் சென்னை மதுரவாயலில் காலமானார். அவர் பெயரை இங்கிலாந்தில் ஒரு மக்னோலியா மரத்துக்கு வைத்தார்கள். பல வருஷங்கள் கழித்து, கொடைக்கானலில் ரோஜாக்களை உருவாக்கும் வீரராகவன் – கிரிஜா தம்பதியர் தாங்கள் உண்டாக்கிய ஒரு மஞ்சள் சாயல் ரோஜாவுக்கு ‘இ. கே. ஜானகி அம்மாள்’ என்று பெயரிட்டார்கள்.

கரும்புப் பூவோடு ஐந்து வருஷம் போராடிய பெண்மணியின் பெயர் கடைசியில் ஒரு ரோஜாவுக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். தற்செயலாக இருந்தாலும் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது. ‘இது எதற்கு? இந்தப் பூவால் என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்வியைக் கரும்புப் பூவைப் பார்த்து ஆயிரக்கணக்கான வருஷம் கேட்டோம். அதன் பதில் ஒரு தூசி விதைக்குள் இருந்தது. அதைத் தேடிப் பார்க்க ஒரு சிலருக்குப் பொறுமை இருந்தபடியால், ராஜாக்களின் பொன் விலைப் பண்டம் இன்று ரேஷன் கடையில் கிடைக்கிறது.

சர்க்கரை மலிந்த பிறகு அந்தப் பொறுமைதான் அபூர்வ வஸ்துவாகிவிட்டது. சுல்தானின் நாரத்தை மரத்தில் விலை உயர்ந்தது சர்க்கரை; அதை வடித்த கைகளின் பெயரை நாஸிர் குஸ்ரோ நமக்குச் சொல்லவில்லை. வடவள்ளி ரோஜாவில் விலை உயர்ந்தது கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி வாசலில் நின்று, ‘ராத்திரி முழிச்சதுக்குப் போட்டிருக்கேன்’ என்று தானே வாய் திறந்து கூலி கேட்கிறாள். சர்க்கரையின் நீண்ட சரித்திரத்தில் அடிமைகளும் கூலிகளும் இப்படிக் கேட்க முடிந்ததில்லை. இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை விலை பேசும்போது நாமும் கொஞ்சம் நிதானிப்போம்.

கரும்பு நிலையத்தின் வேலையும் தீர்ந்துவிடவில்லை. 2009ல் வெளியான ‘கோ 0238’ என்ற கரும்பு உத்தரப் பிரதேசத்து வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது; அதையும் இப்போது பழைய செவ்வழுகல் நோய் வந்து வாட்டுகிறது. அதை எதிர்த்து நிற்கும் பிள்ளைகளைப் பெற்றெடுக்க மறுபடியும் புதிய சம்பந்தங்கள் பார்க்கிறார்கள். ஐப்பசி மாதத்தில் மருதமலைச் சாலைப் பக்கம் போகிறவர்கள், வீரகேரளத்து வயல்களில் வெள்ளித் தோகைகள் காற்றில் அசைவதைக் காணலாம். சில பூக்களுக்குத் துணிப் பை மாட்டியிருக்கும். யாரோ ஒருவர் ஏணி மேல் நின்று மகரந்தம் உதிர்த்துக்கொண்டிருப்பார்.